மீட்டியார் விமானத்தின் குழாயும் ஓபி-வானின் வாளும்

லண்டனின் கிரேட் மார்ல்பரோ தெரு சிறியது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கும் லிபர்ட்டி கடையைத் தாண்டி, கார்னபி தெருப் பக்கம் திரும்பும் கூட்டத்தை விட்டு விலகி நடந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1970களில் இங்கே ஒரு புகைப்படக் கருவிக் கடை இருந்தது. முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு அரங்கப் பொருட்கள் சேர்த்துக்கொண்டிருந்த ரோஜர் கிறிஸ்டியனுக்கு, ஜெடாய் வீரரின் ஒளிவாளுக்கு எதைக் காட்டுவது என்று பிடிபடவில்லை. இந்தக் கடையில் ஏறி, வித்தியாசமாக ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் தூசு படிந்த சில பெட்டிகளைக் காட்டினார். திறந்ததும் உள்ளே கிராஃப்ளெக்ஸ் ஃப்ளாஷ் கைப்பிடி. அவரே பலமுறை பேட்டிகளில் சொல்லியிருக்கும் கதை இது.

கிராஃப்ளெக்ஸ் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து நிறுவனம். அதன் ஸ்பீட் கிராஃபிக் கேமராவைத்தான் அந்த நாட்டின் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்தார்கள். 1945இல் இவோ ஜிமா தீவின் மலையில் கொடி ஏறியதை ஜோ ரோசந்தால் எடுத்ததும் அதில்தான். இருட்டில் படமெடுக்க அந்தக் கேமராவின் பக்கவாட்டில் ஒரு உலோகக் குழலைப் பிணைப்பார்கள். உள்ளே மூன்று பெரிய பேட்டரி, மேலே பல்பும் வட்டத் தட்டும், விரலுக்கு எட்டும் இடத்தில் சிவப்புப் பொத்தான். கிறிஸ்டியன் தட்டையும் பல்பையும் கழற்றினார். பிடிமானத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளை வெட்டி ஒட்டினார். அவை அலமாரிச் சறுக்குக் கதவுக்குப் பதிக்கும் சாதாரணப் பட்டைகள். நடுவில் இருக்கும் கவ்வியில், கால்குலேட்டரின் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்க்கண்ணாடி வரிசை ஒன்றைச் செருகினார். லூக் ஸ்கைவாக்கரின் வாள் தயார்.

இவ்வளவு விவரம் இன்று நமக்குத் தெரிவதற்குப் படக்குழுவின் நினைவு மட்டும் காரணமில்லை. அந்தக் குமிழ்கள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எக்ஸாக்ட்ரா கால்குலேட்டரில் இருந்து வந்தவை என்பதைக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள். சம்பளமில்லாமல், பட்டமில்லாமல், திரையில் அரைநொடி தெரியும் ஒரு திருகு எந்த ஆண்டில் எந்தத் தொழிற்சாலையில் கடைந்தது என்று தேடுகிறவர்கள். அவர்களில் ஒருவரோடுதான் நான் இங்கிலாந்தில் இந்தப் பயணம் போனேன். ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி. வாழ்நாளெல்லாம் லேத்தில் நின்றவர் என்பதால் ஒரு உலோக உருளையைப் பார்த்ததும் அது கடைந்ததா, வார்த்ததா, தகட்டை மடித்ததா என்று சொல்லிவிடுவார். அவருடைய பையில் எப்போதும் ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்கும். படத்தின் பழைய நிலைப்படங்கள் அச்சடித்த காகிதக் கட்டு இன்னொரு அறையில்.

செயின்ட் பாங்கிராஸில் இருந்து தேம்ஸ்லிங்க் ரயிலில் எல்ஸ்ட்ரீ – போர்ஹாம்வுட் நிலையம் அதிக தூரமில்லை. படத்தின் உள்ளரங்கக் காட்சிகள் 1976இல் படமானது இங்கே, ஷென்லி சாலை எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில். ஸ்டூடியோ இன்றும் இயங்குகிறது. ஆனால் அதன் நிலத்தில் ஒரு பகுதி கைமாறி, அங்கே டெஸ்கோ பேரங்காடி வந்துவிட்டது. மிச்சத்தை 1996இல் ஹெர்ட்ஸ்மியர் நகராட்சி வாங்கியிராவிட்டால் அதுவும் போயிருக்கும். டெஸ்கோ வாகன நிறுத்தத்தில் நின்றபடி நண்பர் விளக்கினார். இங்கே கட்டிய மில்லினியம் ஃபால்கன் கப்பலின் உட்புறம் முழுக்கப் பழைய விமானச் சாமான்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் கழித்துக்கட்டிய விமானங்களின் பாகங்கள் எடைக்கு விற்றன. தயாரிப்பு வடிவமைப்பாளர் ஜான் பேரியின் குழுவிடம் பணம் குறைவு. ஆகவே லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்கியது. ஜெட் என்ஜின்களைப் பிரித்து, குழாய்களையும் பெட்டிகளையும் சுவரில் அடித்தார்கள். அதுவரை திரையில் வந்த விண்கலங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி போலத் துடைத்துவைத்து மின்னின. இந்தக் கப்பலில் எண்ணெய்க் கறை இருந்தது, தட்டினால் ஓடும் என்று தோன்றியது. 1978இல் ஜான் பேரி, நார்மன் ரெனால்ட்ஸ், லெஸ்லி டில்லி, ரோஜர் கிறிஸ்டியன் நால்வருக்கும் ஆஸ்கர் கிடைத்ததில் அந்தப் பழைய இரும்புக்கும் பங்குண்டு.

“மதுக்கடைக் காட்சி நினைவிருக்கிறதா? பின்னால் நிற்கும் பானக் கலங்களைப் பார்த்திருக்கிறீர்களா?” என்றார் நண்பர்.

அவை ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் என்ஜினின் எரிகலன்கள். எரிபொருள் பற்றி எரியும் உருளைகள். அடுத்த படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கில் ஐஜி-88 என்ற கூலிக்கொலை ரோபோ வருகிறதே, அதன் தலையும் அதே எரிகலன்தான். ஒரே பாகம் ஒரு படத்தில் பீப்பாய், அடுத்ததில் மண்டை.

டெர்வென்ட் என்ற பெயர் இந்தப் பயணம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. காரணம் மூத்த ஜெடாய் வீரர் ஓபி-வான் கெனோபியின் வாள். லூக்கின் வாள் ஒரே பொருளின் மேல் செய்த சிறு வேலை. ஓபி-வானுடையது அப்படி இல்லை, ஐந்து வெவ்வேறு பொருட்களின் கோப்பு. நுனியில் இருப்பது டெர்வென்ட் என்ஜினின் ‘பேலன்ஸ் பைப்’ என்ற சிறு குழாய். கைபிடிக்கும் இடம் முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷார் துப்பாக்கியால் ஏவிய எறிகுண்டு, மூன்றாம் எண் ரைஃபிள் கிரனேடு. அதன் மேல் கிராஃப்ளெக்ஸ் கவ்வி. அடுத்து அமெரிக்கப் போர் விமானங்களில் பொருத்திய பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் வாய்முனை. கடைசியில், வாளின் அடியில், ஆர்மிடேஜ் ஷேங்க்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார்லைட்’ தண்ணீர்க் குழாயின் திருகு.

நண்பர் இந்த வரிசையைச் சொன்னபோது நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். டெர்வென்ட் என்ஜின் மீட்டியார் விமானத்துக்கானது. அதன் எட்டாம் மார்க் வகை பூட்டிய மீட்டியார்களை ஆஸ்திரேலிய விமானப்படை கொரியப் போரில் ஓட்டியது. ஆக, ஒரே கைப்பிடியில் முதல் உலகப்போர், இரண்டாம் உலகப்போர், கொரியப் போர் மூன்றின் உலோகமும், ஒரு பத்திரிகைக்காரரின் கவ்வியும், யாரோ ஒரு இல்லத்தரசி ஆயிரம் தடவை திருகிய குழாயின் தலையும் இருக்கின்றன. கோத்தவர் இதையெல்லாம் எண்ணிக் கோத்திருக்க மாட்டார். கையில் கிடைத்ததில் கண்ணுக்குப் பொருந்தியதைச் சேர்த்திருப்பார். ஆனாலும் அலெக் கின்னஸ் நடித்த அந்தக் கிழவர், பழைய போர்களைப் பற்றிப் பேசும் அந்தக் கிழவர், இடுப்பில் செருகியிருந்தது உண்மையிலேயே பழைய போர்களின் எச்சம். இந்த உண்மையை நமக்குக் கொடுத்தவர்கள் தேடல்காரர்கள். படம் எடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை.

கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் பெரிது. ஒரு நிலைப்படத்தில் ஒரு பாகத்தின் அளவு உறுதியாகத் தெரிந்தால் போதும். கிராஃப்ளெக்ஸ் கவ்வி எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். அதை அளவுகோலாக வைத்து அருகில் உள்ள எல்லாவற்றையும் கணக்கிடலாம். திருகின் விளிம்பில் எத்தனை வரி, பிடிப்புக்கான நர்லிங் கீறல் நேராக ஓடுகிறதா குறுக்காகவா, ஓரம் உருண்டதா வெட்டியதா என்று பட்டியல் போடுவார்கள். பிறகு அந்த அளவோடு எந்தத் தொழிலில் என்ன பொருள் இருந்தது என்று பழைய விலைப்பட்டியல்களையும் ராணுவக் கையேடுகளையும் புரட்டுவார்கள். கடைசிக் கட்டம் சந்தை.

சந்தைக்கு நாங்கள் போனது கெம்ப்டன் பார்க். குதிரைப் பந்தயத் திடல். மாதத்தின் இரண்டாவது, கடைசிச் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பழம்பொருள் சந்தை கூடும். காலை ஆறரைக்கே வாசல் திறந்துவிடுகிறது, வெளிச்சம் சரியாக வரும் முன்பே டார்ச் அடித்துப் பேரம் நடக்கிறது. தேக்கு அலமாரி, பித்தளைப் படுக்கைக் கட்டில், தேவாலயத்து வண்ணக் கண்ணாடி, பல்மருத்துவர் நாற்காலி. நண்பர் இவை எதையும் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைச் சாமான் விற்பவரிடம் போய் உட்கார்ந்து, பிளாஸ்டிக் வாளியில் கிடந்த குழாய்த் திருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஸ்டார்லைட் கிடைக்கவில்லை. இடிக்கும் வீடுகளில் இருந்து எப்போதாவது வருமாம். ஒருகாலத்தில் நாடெங்கும் அடுப்படிகளில் இருந்த பொருள் என்பதால்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை என்றார். நூறு ஆண்டுக் கிரனேடு கிடைக்கிறது, சில பத்தாண்டுக் குழாய்த் திருகு கிடைப்பதில்லை. கிரனேடைப் போரில் இருந்து திரும்பியவர் நினைவாக அலமாரியில் வைத்தார். திருகைக் கழற்றிய பிளம்பர் பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிட்டார்.

கேமரா விற்பவரிடம் ஒரு கிராஃப்ளெக்ஸ் குழல் இருந்தது. சிவப்புப் பொத்தான், கண்ணாடிப் பூச்சு எல்லாம் சேதமில்லாமல். விலையைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நல்ல ஸ்பீட் கிராஃபிக் கேமராவையே அதைவிட மலிவாக வாங்கலாம். பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் எங்களைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் இன்றும் ஸ்பீட் கிராஃபிக்கில் படமெடுக்கிறவர். தன் கேமராவுக்கு அதன் சொந்த ஃப்ளாஷை வாங்க வழியில்லாமல் செய்துவிட்டீர்களே என்று சொன்னார். அதில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். நண்பர் தலையாட்டினார், மறுக்கவில்லை.

இந்த விஷயத்தில் என் மனம் அந்த முதியவர் பக்கம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு கிராஃப்ளெக்ஸை வாங்கி, பட்டை ஒட்டி, கீழே கொக்கிக்கு ஓட்டை போட்டு வாளாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ரோஜர் கிறிஸ்டியன் வெட்டியபோது அது விற்காத சரக்கு. இன்று அது மிஞ்சியிருக்கும் சரக்கு. தேடல்காரர்களிலேயே பலர் இப்படி நினைப்பதால்தான் அச்சு அசலான நகல்களைச் சிறு பட்டறைகளில் செய்து பரிமாறிக்கொள்கிறார்கள். என் நண்பரிடம் ஒரே ஒரு அசல் கிராஃப்ளெக்ஸ்தான் உண்டு. அதில் அவர் ஒரு பட்டைகூட ஒட்டவில்லை. அளவெடுக்க மட்டும் வைத்திருக்கிறார்.

ஸ்டார்ம்ட்ரூப்பர்களின் துப்பாக்கியையும் அங்கேயே பேசினோம். அது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங் கார்பைன். மேலே ஷெர்மன் டாங்கியின் தொலைநோக்கி, பக்கத்தில் ஆலை இயந்திரங்களில் எண்ணிக்கை காட்டும் ஹெங்ஸ்ட்லர் கணக்கி. ஸ்டெர்லிங்கைக் கான்பூர் தொழிற்சாலையில் உரிமம் பெற்று இந்தியாவிலும் செய்தார்கள். ஆகவே அந்த ஓட்டைகள் நிறைந்த குழலைப் பாதுகாப்புப் பணியில் நிற்கும் காவலர் தோளில் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அதையே ஒரு தூர மண்டலத்தின் ஆயுதமாகத் திரையில் ஏற்றுக்கொண்டோம். ஹான் சோலோவின் கைத்துப்பாக்கிக்குள் இருப்பது ஜெர்மனியின் மௌசர் சி96.

இந்த வேலை ஒரு படத்தோடு நிற்பதில்லை. ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ காரின் பின்னால் குப்பையை எரிபொருளாக்கும் கருவி, க்ரப்ஸ் காப்பிக்கொட்டை அரைப்பான். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் ஆவியை அளக்கும் கருவி, ஷூ பாலிஷ் போடும் மின்சாதனம். ‘பிளேடு ரன்னர்’ படத்தில் ஹாரிசன் ஃபோர்டு ஏந்தும் துப்பாக்கி கதை இன்னும் சுவையானது. 1982இல் படம் வந்ததில் இருந்து ரசிகர்கள் நிலைப்படங்களை வைத்தே அதைப் பிரித்துப் படித்தார்கள். ஸ்டெய்ர் மான்லிக்கர் வேட்டைத் துப்பாக்கியின் மேற்பகுதியும் சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரும் சேர்ந்தது என்று கண்டார்கள். 2006இல் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அசலே காட்சிக்கு வந்தது. பல ஆண்டு ஊகத்தை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு. வரலாற்று ஆய்வில்கூட இப்படி ஒரு விடைத்தாள் கையில் கிடைப்பது அபூர்வம்.

கெம்ப்டனில் இருந்து வெய்பிரிட்ஜ் பக்கம்தான். அங்கே ப்ரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு விக்கர்ஸ் வைக்கவுண்ட் நிற்கிறது. நான்கு டார்ட் டர்போபிராப் என்ஜின், பெரிய முட்டைவடிவ ஜன்னல்கள். உலகில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிய டர்போபிராப் விமான வகை இது. நான் இருக்கையில் உட்கார்ந்து மேலே பார்த்தேன். நண்பர் பார்க்கச் சொன்னது தலைக்கு மேல் இருக்கும் வாசிப்பு விளக்கை. வைக்கவுண்ட் விமானங்களில் இருந்து கழற்றிய அத்தகைய விளக்குகள்தான் ஆர்2-டி2 ரோபோவின் தலையில் உருண்டு திரும்பும் கண்கள். இளவரசி லேயாவின் ஒளியுருவத்தைத் தரையில் வீசும் காட்சியில், ஒளி புறப்படுவது ஒரு பயணி செய்தித்தாள் படித்த விளக்கில் இருந்து. இந்தியன் ஏர்லைன்ஸ் 1957 முதல் வைக்கவுண்ட்களை ஓட்டியது. அவை மீனம்பாக்கத்திலும் இறங்கின. அந்தக் காலத்தில் சென்னையில் விமானம் ஏறியவர்களில் சிலர் இந்த மாதிரி விளக்கைத் தங்கள் விரலால் திருப்பியிருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆர்2-டி2 பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கியிருப்பார்கள். இந்தச் சங்கிலியை எண்ணி நான் இருக்கையை விட்டு எழ மனமில்லாமல் இருந்தேன்.

வடக்கே டெர்பிக்குப் போனது என் விருப்பத்தால். ரோல்ஸ்-ராய்ஸ் தன் முதல் ஜெட் என்ஜின்களுக்கு ஆறுகளின் பெயரை வைத்தது: வெலண்ட், டெர்வென்ட், நீன். டெர்வென்ட் ஆறு டெர்பி நகரத்தின் நடுவே ஓடுகிறது. அதன் கரையில் பழைய பட்டு ஆலையில் 2021இல் ‘மியூசியம் ஆஃப் மேக்கிங்’ திறந்தார்கள். வாசலில் ட்ரென்ட் 1000 என்ஜின் ஒன்று தலைக்கு மேல் தொங்குகிறது. உள்ளே இந்த ஊரில் மனிதர்கள் கையால் செய்த பொருட்கள் மாடி மாடியாக அடுக்கியிருக்கின்றன. அந்தப் பொருட்களுக்கு நடுவே நடந்தபோது இந்தத் தேடல்காரர்கள் எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறார்கள் என்பது பிடிபட்டது. தொழிற்சாலைப் பொருளைச் செய்தவரின் பெயர் எங்கும் நிற்பதில்லை. பொருள் தேய்ந்ததும் அதன் பெயரும் போகிறது. ஒரு திரைப்படத்தின் மேல் உள்ள பைத்தியத்தால் யாரோ ஒருவர் அந்தக் குழாயின் பாக எண்ணைத் தேடிப் பிடிக்கிறார். அதனாலேயே அது எந்த என்ஜினில், எந்த வேலை செய்தது என்பது மறுபடி ஒரு மனிதரின் அறிவில் சேர்கிறது. பல்கலைக்கழகம் எதுவும் இதைச் செய்திருக்காது.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சின்ன விமானக் கூடத்தில் டெர்வென்ட் என்ஜினை முழுதாகப் பார்த்தோம். சுற்றிலும் ஒன்பது எரிகலன்கள் வளையமாக. பொறுப்பில் இருந்தவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், எண்பதைத் தாண்டியவர். ஸ்டார் வார்ஸ் பார்த்ததில்லை. எங்கள் நோக்கத்தைக் கேட்டதும் முகம் இறுகியது. வாளுக்காக என்ஜினைப் பிரித்துக் குழாய்களை விற்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த என்ஜின் அவர்களிடம் வந்தபோதே ஒரு குழாய் இல்லாமல்தான் வந்ததாம்.

நண்பர் பதில் சொல்லாமல் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த தன் பேலன்ஸ் பைப்பை எடுத்து நீட்டினார். முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் வருடினார்.

“எங்கே கழற்றினீர்கள் இதை?”

“கழற்றவில்லை ஐயா. கட்டி உலோகத்தில் நானே கடைந்தது. என் லேத்தில்.”

பிறகு அவர்கள் இருவரும் பேசியதில் பாதி எனக்கு எட்டவில்லை. சுவரின் தடிமன், மரையின் கணக்கு, உலோகக் கலவை. அசல் உலையில் பட்டால் எந்த நிறத்துக்கு மாறும் என்பது. முதியவர் குழாயைக் காலி இடத்தில் பிடித்துப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். காட்சிக்கு வைக்கிற என்ஜின்தானே, ஓடப்போவதில்லையே, இதே மாதிரி ஒன்று இங்கே மாட்டச் செய்து தர முடியுமா என்று கேட்டார். நண்பர் காலிப்பரை எடுத்துவிட்டார். ஆனால் முதலில் இது எட்டாம் மார்க்கா ஒன்பதாம் மார்க்கா என்று உறுதி செய்ய வேண்டும் என்றார் முதியவர். இருவரும் டார்ச்சோடு என்ஜினுக்கு அடியில் குனிந்து, தகட்டு எண்ணைத் தேட ஆரம்பித்தார்கள்.